வரிமேட்டுக்கு வராத அப்பா

உள்ளங்கையை வைத்துத் தேய்த்தால் பாறை உதிரும். நறநறவென்று கையில் மணல் ஒட்டிக்கொள்ளும். வல்லத்துக்குத் தெற்கே என் அத்தை வாழ்க்கைப்பட்ட ஊரில், மழைத்தண்ணீர் அறுத்த ஓடைக்கரையில் பனை உயரத்துக்கு நின்ற அந்தச் செம்பாறையை "வரிமேடு" என்பார்கள். அரிவாள் தீட்டுகிற கல்லைக்கூடச் சந்தையில் வாங்க வேண்டிய வண்டல் பூமி திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்து எங்கள் ஊர். கோடை விடுமுறையில் அத்தை வீட்டுக்குப் போய்ப் பாறை பார்ப்பதே எனக்கு அதிசயம்.

அதைவிட அதிசயம் அதன்மேல் ஓடிய கோடுகள். ஓர் அடுக்கு கிழக்கே சாய்ந்திருக்கும், அதன்மேல் இன்னோர் அடுக்கு வேறு பக்கம் சாய்ந்திருக்கும், நடுநடுவே வழவழப்பான கூழாங்கற்கள் பதிந்திருக்கும். இவற்றை நான் முன்பே பார்த்திருந்தேன். சித்திரையில் காவிரி வற்றியதும் எங்கள் தெருப் பெண்கள் மணலில் "ஊத்து" தோண்டிக் குடிநீர் எடுப்பார்கள். குழிக்குள் இறங்கிக் கொட்டாங்குச்சியால் மொண்டு கொடுப்பது என் வேலை. அந்தக் குழியின் சுவரிலும் இதே சாய்ந்த கோடுகள், இதே கற்கள். அப்படியென்றால் வரிமேட்டிலும் ஒரு காலத்தில் ஆறு ஓடியிருக்க வேண்டும் அல்லவா?

சொன்னேன். "மேட்டுல ஆறு ஓடுமாடி? தண்ணி பள்ளத்தைப் பாத்துல்ல போகும்!" என்று அத்தை சிரித்தாள். "உங்க ஊர்க்காரங்களுக்கு எங்க பாத்தாலும் காவேரிதான்" என்றார் மாமா. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அப்பா ஒருவர் பார்த்தால் போதும். மணலைக் கையில் வாங்கியதுமே எந்த ஆற்று மணல், காவிரியா குடமுருட்டியா என்று சொல்லிவிடுகிறவர். அவரோ என்னை அத்தை வீட்டில் விட்ட கையோடு பஸ்ஸுக்கு ஓடுவார். "களத்துல உளுந்து கெடக்கும்மா, அடுத்த தடவை பாக்கலாம்." ஒரு வருஷம் உளுந்து, ஒரு வருஷம் சினைமாடு, ஒரு வருஷம் யாருக்கோ கல்யாணம். அந்த அடுத்த தடவை வரவே இல்லை.

கல்லூரியில் நிலவியல் படித்தபோது எல்லாம் தெளிவானது. இன்றைய காவிரிக்கும் வெகுகாலம் முன்னால் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணல், இரும்பு கலந்த நீர் ஊறி இறுகி, நிலத்தோடு மெல்ல உயர்ந்து, பிறகு மழை அறுத்து அறுத்துப் பாறையாக நின்றிருக்கிறது. அப்பாவுக்கு உடனே போன் செய்தேன். "படிச்சவ சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்" என்றார். பார்க்காமலே ஒப்புக்கொண்டது, அத்தையின் சிரிப்பைவிட எரிச்சலாக இருந்தது.

இந்த வைகாசியில் ஊருக்குப் போனேன். தம்பிக்கு வீடு கட்டுவதற்காக அப்பா ரோட்டோர வயலை மேடாக்கிக்கொண்டிருந்தார். லாரிகள் கொட்டிய செங்கிராவல் குவியலில், முறம் அகலத்துக்கு உடையாமல் கிடந்த ஒரு பாளத்தில் சாய்ந்த கோடுகள் தெரிந்தன. ஓட்டுநரைக் கேட்டேன். "வரிமேடுங்க. இன்னும் ரெண்டு லோடுதான், அப்புறம் அங்க ஒண்ணும் இல்லைங்க" என்றார்.

பாளத்தைத் தூக்கிக்கொண்டு அப்பாவிடம் ஓடினேன். அவர் தேய்த்தார், உதிர்ந்ததை உள்ளங்கையில் பரப்பி வெயிலுக்குக் காட்டினார், ஒரு கூழாங்கல்லை நகத்தால் நெம்பி எடுத்தார். "ஏம்மா, இது ஆத்து மணலாச்சே!"

இந்த ஒரு சொல்லுக்காகத்தான் பத்து வயதிலிருந்து காத்திருந்தேன்.

"அந்த எடத்தை ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வரணும்மா" என்றார் அப்பா. நான் பதில் சொல்வதற்குள் அடுத்த லாரி பின்பக்கமாக வந்து, அந்த இடத்தை எங்கள் வயலில் கொட்டியது.