பெயர் சொல்லி அழைத்தாள்

ஒட்டுமீசைப் பசையின் மணம் வந்தால் எனக்குப் புலம்பெயர்ந்து வந்த ஊரான ஹ்விடோவ்ரேயின் மண்டபம்தான் நினைவு. நூறு வருடத்துக்கு முந்திய பிரெஞ்சு நாடகாசிரியர் ஒருவரின் நகைச்சுவை நாடகத்தைத் தமிழாக்கி மேடையேற்றினோம். அவர் படைத்த மனைவிமார் கணவனைப் பெயர் சொல்லித்தான் அதட்டுவார்கள். கணவன் வேடம் எனக்கு. மனைவி வேடம் என் மனைவிக்கே. ஒத்திகை முழுக்க அவள் வாயில் என் பெயருக்குப் பதில், வீட்டில் கூப்பிடுகிற “இஞ்சேருங்கோ”தான் வந்தது. மேடையேறிய அன்று முன்வரிசையில் அவளுடைய அண்ணன் வேறு. பெண்கள் நடிப்பது பிடிக்காதவர். அவரெதிரில் என்னைப் பெயர் சொல்லி முழங்கினாள், பாருங்கள்! மண்டபமே குலுங்கியது. இவள் என் மனைவி என்று சபைக்கே கத்தவேண்டும்போல் இருந்தது எனக்கு.

நாடகம் முடிந்து தன் ஊரான பிரெடெரிசியாவுக்குப் புறப்பட்ட அண்ணன் கார்க் கண்ணாடியை இறக்கினார்.

“தங்கச்சி, இந்த மனுசனுக்கு இன்னும் ரெண்டு ஏச்சுக் குடுத்திருக்கலாம்.”