அம்மா இடமாகச் சுற்றிய நாள்

கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்ஸி. படித்த என் அம்மாவுக்கு அமெரிக்காவில் கிடைத்த முதல் வேலை, எண்பது வயது தாண்டிய ஜப்பானியர்களை ஆட வைப்பது. கேட்டால் சிரிப்பு வரும். அப்பாவுக்கும் வந்தது. அதற்காக அன்று ராத்திரி தன் தோசையைத் தானே வார்த்துக்கொண்டார்.

அதற்கு முன் ஒன்பது வருஷம் அம்மா வீட்டோடு இருந்தாள். கிரீன் கார்டுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்த காலம். வேலைக்குப் போகவும், ஊருக்குப் போய்த் திரும்பவும் அனுமதி தருகிற ஓர் அட்டை வர வேண்டும். அது வராமல் கிளம்பினால் எல்லாம் பாழ் என்று வக்கீல் கறாராகச் சொல்லியிருந்தார். அந்த ஜனவரியில் கும்பகோணத்தில் தாத்தா, அம்மாவின் அப்பா, தவறிப்போனார். அம்மா போகவில்லை. அட்டை மார்ச்சில் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் வெகுநேரம் நின்றவள், அடுத்த வாரமே வேலை தேட ஆரம்பித்துவிட்டாள். எனக்கு வயது ஒன்பது. அம்மாவுக்கு வேலைக்குப் போக எவ்வளவு ஆசை பார் என்று நினைத்துக்கொண்டேன்.

சான் ஹோசேயில், வீட்டிலிருந்து இருபது நிமிஷ ஃப்ரீவே தூரத்தில் இருந்தது அந்த முதியோர் மையம். காலையில் வருவார்கள், மாலையில் வேன் வந்து கூட்டிப் போகும். ஜப்பானியர்கள் என்றாலும் பெரும்பாலோர் இங்கேயே பிறந்தவர்கள். அம்மாவைவிட நன்றாக இங்கிலீஷ் பேசுவார்கள். ஆனால் சின்ன வயதில் அப்பா அம்மா பாடிக் கேட்ட ஜப்பானியப் பாட்டைப் போட்டால் போதும், வாக்கரைப் பிடித்தபடியே கால் தாளம் போட ஆரம்பித்துவிடும். முதல் மூன்று மாதம் பார்க்கலாம், ஜூலையில் கோடை விழாவுக்குக் குடும்பத்தார் எல்லாம் வருவார்கள், அந்த ஆட்டத்தை நீதான் நடத்த வேண்டும், அப்புறம் வேலை நிரந்தரமா என்று சொல்கிறேன் என்றார் மேனேஜர் ஆன்ட்டி.

அம்மா வீடியோவைப் பார்த்து அடுப்படியிலேயே பயிற்சி எடுத்தாள். சுரங்கத் தொழிலாளிகளின் ஆட்டம் அது. இரண்டு தரம் தோண்டு, மூட்டையைத் தோளில் போடு, நெற்றியில் கை வைத்துத் திரும்பிப் பார், வண்டியைத் தள்ளு, கையை விரி, தட்டு. சாம்பார் கொதிக்கக் கொதிக்க அம்மா நிலக்கரி தோண்டினாள்.

"நம்ம கும்மி மாதிரிதானே இருக்கு? உனக்கென்ன கஷ்டம்?" என்றார் அப்பா, லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல்.

"கும்மி மாதிரிதான். ஆனா இவங்க இடமா சுத்தறாங்க. சாவு வீட்டுலதான் அப்படிச் சுத்துவோம். எனக்கு உடம்பே கூசுது."

எனக்கு அது புரிந்தது. ஒருமுறை கோயிலில் சன்னதியை நான் எதிர்ப்பக்கமாக ஓடிச் சுற்றி, தொடையில் நறுக்கென்று கிள்ளு வாங்கியிருந்தேன். அம்மா என்ன செய்தாள் என்றால், மையத்தில் முதல் நாளே சத்தமில்லாமல் எல்லோரையும் வலமாகத் திருப்பிவிட்டாள். எழுபது எண்பது வருஷமாக ஒரே திசையில் ஆடிப் பழகிய கால்கள். ஆனாலும் ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. அவ்வளவு மரியாதைக்காரர்கள்.

விழாவுக்கு ஒரு வாரம் முன்பு மேனேஜர் ஆன்ட்டி கவனித்துவிட்டார். திசை தப்பு, வருகிறவர்களுக்கு இந்த ஆட்டம் குழந்தையிலிருந்து தெரியும், அன்றைக்கு ஒழுங்காக நடக்க வேண்டும் என்றார். அம்மா தலையாட்டினாள். காரணத்தைச் சொல்லவில்லை.

சொன்னது நான்தான். லீவு நாள், நான் அங்கே ஒரு மூலையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு காலத்தில் பூப்பண்ணை வைத்திருந்த சிவப்புத் தொப்பி அங்கிள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உன் அம்மாவுக்கு ஏன் அந்தப் பக்கம் பிடிக்கவில்லை என்று மெதுவாகக் கேட்டார். அது செத்தவர்களுக்கு, அதனால்தான் என்று பட்டென்று இங்கிலீஷில் போட்டு உடைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஐயையோ, வயதானவரிடம் போய்ச் சாவைப் பற்றிப் பேசிவிட்டோமே என்று புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அம்மாவிடம் மூச்சுவிடவில்லை.

விழா அன்று ஹால் நிறையக் கூட்டம். பிள்ளைகள், பேரன்கள், அவர்கள் கையில் ஃபோன்கள். நடுவில் ஒரு மேஜை, அதன்மேல் காகித விளக்கு. அம்மா அன்று காலையில் குளித்துவிட்டு, "சரி, வயித்துப் பொழப்பு. அவங்க வழியிலேயே போயிடறேன்" என்று சாமி படத்திடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தாள். பாட்டு ஆரம்பித்தது. அம்மா தோண்டினாள், மூட்டையைப் போட்டாள், பல்லைக் கடித்துக்கொண்டு இடமாகச் சுற்றக் கால் வைத்தாள்.

பெரியவர்கள் அத்தனை பேரும் வலமாகச் சுற்றி வந்தார்கள்.

சிவப்புத் தொப்பி அங்கிள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். பாவம் அந்தப் பெண்ணுக்கு அது ஆகாதாம், யார் என்ன சொன்னாலும் நாம் அவள் வழியிலேயே போவோம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அம்மா நேரே போய் ஒரு வாக்கரில் மோதினாள். பின்னால் வந்தவர் முன்னால் நின்றவர் மேல் சாய்ந்தார். யாரோ வண்டி தள்ள நீட்டிய கை யார் வயிற்றிலோ இடித்தது. நல்ல வேளை, ஒருவரும் விழவில்லை. பாட்டு நின்றது. மேனேஜர் ஆன்ட்டியின் முகத்தைப் பார்த்தேன். போச்சு, அம்மாவுக்கு வேலை போச்சு, என் வாயால்தான் போச்சு என்று அழுகை முட்டியது.

சிவப்புத் தொப்பி அங்கிள்தான் வட்டத்தைத் தாண்டி அம்மாவிடம் வந்தார். உன் மகள் சொன்னாள், ஆனால் நாங்களும் உன்னிடம் ஒன்றைச் சொல்லியிருக்க வேண்டும் என்றார். கோடையில் செத்தவர்கள் வீட்டுக்கு வருவார்களாம். இந்த ஆட்டமே அவர்களுக்காகத்தானாம்.

அம்மா நடுவில் இருந்த காகித விளக்கைப் பார்த்தாள். பிறகு, "அப்ப உங்க வழியிலேயே போலாம் அங்கிள்" என்று தமிழில் சொன்னாள். அவருக்கு என்ன புரிந்ததோ, திரும்பி நின்றார். எல்லோரும் திரும்பினார்கள்.

ஒரு பாட்டுக்கு ஒரு சுற்று வந்தது. முடிந்ததும் அம்மா மேனேஜர் ஆன்ட்டியைப் பார்த்து இன்னொரு தரம் என்று விரலைக் காட்டினாள். அதுவும் முடிந்ததும், இன்னும் ஒன்று. எனக்குப் பசி. உள்ளே சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. வண்டியைத் தள்ளும்போது அம்மாவின் கன்னமெல்லாம் ஈரம். வேலை போகிற பயத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன்.

வேலை போகவில்லை. இன்றும் அங்கேதான் இருக்கிறாள், இன்னும் அதே நிலக்கரியைத் தோண்டிக்கொண்டு. சிவப்புத் தொப்பி அங்கிள் இப்போது இல்லை. அவரையும் அந்த வாக்கர்க்காரர்களையும் நினைத்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். ஏனென்று தெரிய எனக்குப் பத்து வருஷம் ஆயிற்று. தாத்தாவின் ஊரில் ஒரு சாவு வீட்டில், வாய்க்கரிசி போட்ட பெண்கள் கிடத்தியிருந்தவரை இடமாகச் சுற்றி வந்தார்கள். எண்ணினேன். மூன்று சுற்று.

அன்றைக்கு மூன்றாவது சுற்று முடிந்ததும் அம்மா நின்றாள். மேஜையைப் பார்த்துத் திரும்பி, கண்ணை மூடிக் கைகூப்பினாள். பெரியவர்களுக்கு நன்றி சொல்கிறாள் போல என்று நானும் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்று கும்பிட்டுவிட்டு, சாப்பிடப் போலாமா என்று கேட்டேன்.