பெட்டியும் குழாயும்

யுத்தம் முடிந்த மறுவருஷம், மைக் செட் வாங்கியே தீருவது என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். என் வீட்டுக்காரர் கல்யாண வீடுகளில் கீர்த்தனை பாடுவார், ஆர்மோனியம் நான். பந்தலில் பேசுகிறவர்களுக்கு மேலே பாடிப் பாடி அவர் தொண்டை புண்ணாகிக்கொண்டிருந்தது. மைக் இருந்தால் கத்த வேண்டாம் அல்லவா? அவருக்கோ ஒரு இரும்புத் துண்டுக்கு முன்னால் நின்று பாடக் கூச்சம். ஊர் கூடிய பந்தலில் வராத கூச்சம் இப்போது என்ன என்று கேட்டு வாயை அடைத்தேன்.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில், பட்டாளத்தார் கழித்த சாமான்களை விற்கும் கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் இரண்டு ஸ்பீக்கர்களைக் காட்டினார். ஒன்று மரப்பெட்டி, மற்றது வாய் அகன்ற தகரக் குழாய். கரண்ட் இல்லாத ஊர்களுக்குத் தோதாக இரண்டும் கார் பேட்டரியில் ஓடும். எங்கள் பக்கத்தில் ஸ்பீக்கருக்கு மதிப்பு தூரத்தை வைத்துத்தான். பாட்டு பக்கத்து ஊர் உப்பளம் வரை கேட்டால்தான் கல்யாண வீட்டாருக்குத் திருப்தி. அதனால் கடைக்காரர் ஸ்பீக்கரை வாசலில் வைத்து, இவரை உள்ளே பாடச் சொல்லிவிட்டு, சத்தம் எதுவரை எட்டுகிறது என்று நடந்து பார்க்க என்னை அனுப்பினார்.

முதலில் பெட்டி. பத்து எட்டு வைத்திருப்பேன், நின்றுவிட்டேன். அவர் குரலை அவ்வளவு அழகாக நான் கேட்டதே இல்லை. ஆனால் பாட்டில் ஒவ்வொரு அடி முடிந்து மூச்சு எடுக்கும்போதும் நெஞ்சுக்குள்ளிருந்து கொரகொரவென்று ஒரு சத்தம் வந்தது. பக்கத்தில் ஆர்மோனியம் இரைந்துகொண்டே இருந்ததால் இத்தனை நாள் என் காதில் அது விழவில்லை. அவருடைய அண்ணன் க்ஷயரோகத்தில் போனவர். அவர் படுத்திருந்த அறையில் இதே சத்தத்தைக் கேட்டிருக்கிறேன்.

பிறகு குழாய். குரல் தகரத்தைத் தட்டினதுபோல் வந்தது. இனிமை போயிற்று, கொரகொரப்பும் போயிற்று. உப்பு மூட்டைகளை அடுக்கிவைக்கிற கிட்டங்கியைத் தாண்டியும் கேட்டது.

திரும்பி வந்ததும், எது நன்றாக இருக்கிறது என்று கேட்டார்.

"குழாய்தான். கிட்டங்கி தாண்டியும் கேக்கு."

"பெட்டியில பாடுதப்ப எனக்கே சொகமா இருந்துச்சே, ஏளா."

கல்யாண வீட்டுக்காரன் தூரத்தைத்தான் கேட்பான், சுகத்தைக் கேட்க மாட்டான் என்று வெடுக்கென்று சொன்னேன். குழாயையே வாங்கினோம்.

க்ஷயம் என்று தெரிந்தால் எந்தப் பந்தலிலும் அவருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க மாட்டார்கள். அதற்குப் பயந்தேன். தன் மூச்சைத் தானே கேட்டுவிடுவாரோ என்றும் பயந்தேன். அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கலாம். போகவில்லை, பாவி நான்.

ஆறுமுகநேரி, சாத்தான்குளம், நாசரேத் என்று எட்டு மாதம் பாடினார். எங்கே போனாலும் குழாயைப் புகழ்ந்தார்கள். நான் முன்னைவிட அழுத்தி ஆர்மோனியம் வாசித்தேன்.

தை மாதம் கைக்குட்டையில் ரத்தம் வந்தபிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் நெஞ்சில் குழலை வைத்து நெடுநேரம் கேட்டார். இந்த இரைச்சல் எத்தனை நாளாக இருக்கிறது என்று விசாரித்தார்.

"ஒரு வாரமா இருக்கும்யா," என்றார் என் வீட்டுக்காரர். "அதுக்கு முன்னயே இருந்தா இவ சொல்லியிருப்பா. என் பாட்டுல ஒரு இம்மி பிசகினாலும் இவளுக்குத் தெரிஞ்சிரும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.