பூஜ்யம் கமா ஐந்து

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எம்.எஸ்சி. கணிதம் படித்து, மேற்கு ஜெர்மனி வரை வந்து, நாள் முழுக்க உட்கார்ந்து நான் பார்த்த வேலை கமாவைப் புள்ளியாக மாற்றுவது. ஊருக்கு எழுதும்போது மட்டும் 'கம்ப்யூட்டர் ஆராய்ச்சி' என்று எழுதினேன்.

இங்கே சந்தையில் அரைக் கிலோ உருளைக்கிழங்கின் மேல் 0,5 என்று சீட்டுக் குத்தியிருப்பார்கள். நாம் புள்ளி வைக்கும் இடத்தில் இவர்களுக்குக் கமா. உருளைக்கிழங்குக்கு இதனால் ஒன்றும் ஆவதில்லை. அமெரிக்காவில் பிறந்த கணிப்பொறிக்கோ கமா என்றால் ஒரு எண் முடிந்து அடுத்தது ஆரம்பம். நான் இருந்தது ஒரு பால் பரிசோதனை நிலையத்தில். கொழுப்பு 3,7 என்று அட்டையில் துளையிட்டுக் கொடுத்தேன். இயந்திரம் மூன்றைக் கொழுப்பு என்றும், ஏழைப் பசுவின் வயது என்றும் எடுத்துக்கொண்டது. மற்ற எண்களெல்லாம் ஒரு கட்டம் தள்ளி விழுந்தன. ஆறு கிலோ எடையுள்ள பசு அறுநூறு கன்று ஈன்றிருந்தது.

மேலதிகாரி அம்மாள் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். "உங்கள் நாட்டில் பசு தெய்வமாமே, அதனாலா?" என்று கேட்டார். கேலியில்லை, அக்கறையாகத்தான் கேட்டார். விளக்கம் சொல்ல பாஷை போதாமல் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். நம் தலையாட்டலை அவர் இல்லை என்று எடுத்துக்கொண்டார். அதன்பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் கமாவைத் தேடிப்பிடித்துப் புள்ளியாக்கும் நிரல் ஒன்றை எழுதினேன். அதற்குப்பின் பசுக்கள் ஒழுங்காக இருந்தன.

அந்தச் சமயத்தில்தான் திருத்தணியில் அக்காவுக்கு இதயம் பலவீனமாகிவிட்டது. சென்னை டாக்டர் எழுதிய மாத்திரை சரியாகக் கிடைக்கவில்லை. சீட்டுகளை வரவழைத்து இங்குள்ள டாக்டரிடம் காட்டினேன். தொண்ணூறு மாத்திரை வாங்கி, தினம் பாதி, ஆறு மாதத்துக்கு ஆகும் என்று அனுப்பினேன். என் கையெழுத்துப் புரியாதே என்று, சாப்பிடும் அளவை மட்டும் ஆபீஸ் டைப்ரைட்டரில் ஆங்கிலத்தில் அழகாக அடித்து வைத்தேன்: டெய்லி 0,5. நாலு வருஷப் பழக்கம், விரல் தானாகக் கமாவுக்குப் போயிற்று. இயந்திரத்துக்குக் கொடுப்பதையெல்லாம் மாற்றிக்கொடுத்தவன், அக்காவுக்கு அனுப்பியதை மாற்றவில்லை.

பார்சல் போய்ச் சேர்ந்த மூன்றாம் வாரம் தந்தி வந்தது. அரக்கோணத்தில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் பிடித்து வீடு போய்ச் சேர்ந்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது. பாவா, அதாவது அக்காவின் கணவர், வாசல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே பவர்லூம் நின்றிருந்தது.

"மிச்ச மாத்திரை எங்க பாவா?" என்றேன்.

"மிச்சமா? ஆங், தீந்துபோச்சே. காலைல சைபர், சாயங்காலம் அஞ்சு. நீ அடிச்சிருந்தபடியே தவறாம குடுத்துகினு இருந்தேன்."

எங்கள் ஊர் மருந்துக் கடையில் உறைமேல் 1-0-1 என்று எழுதித் தருவார்கள்: காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. இரண்டு எண் இருந்தால் பாவாவுக்கு இரண்டு வேளை. என் இயந்திரமும் அப்படித்தானே படித்தது?

"அவளுந்தான் கேட்டா, என்னாங்க அஞ்சான்னு. சீமை டாக்டரு தெரியாமயா எழுதுவாரு, முழுங்குடின்னேன். அப்புறம் ஒரே வாந்தி. மலையப் பாத்தா மஞ்சத் தண்ணி ஊத்தின மாதிரி தெரியுதுன்னா. சாமி காட்சி குடுத்துட்டாருன்னு மலையேறிப் போயி தேங்கா ஒடச்சிட்டு வந்தேன்."

மருந்து அளவு மீறினால் கண்ணில் மஞ்சள் படியும் என்று ஜெர்மன் டாக்டர் எச்சரித்திருந்தார். அதையும் நான் எழுதவில்லை, பயந்துவிடுவார்கள் என்று. இப்போது உண்மையைச் சொன்னால், பாவா தன் கையாலேயே விஷம் கொடுத்தவராகிவிடுவார். சொல்லாவிட்டால் எல்லாம் முருகன் செயல், நானும் தப்பித்தேன். இரண்டு நாள் இந்த இரண்டாவது வழியில்தான் இருந்தேன். சாப்பாடுகூட இறங்கியது.

மூன்றாம் நாள் அவராகவே கேட்டார். "அந்த டாக்டர்கிட்ட விசாரிச்சு ஒரு வரி எழுது மச்சான். நான் ஏதாவது தப்பா குடுத்துட்டனா? தூக்கம் வரமாட்டேங்குது."

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. "தப்பு உங்களுதில்ல பாவா, என்னுது. அது தினம் பாதி மாத்திரை" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நோட்டை எடுத்து, ஐரோப்பாவில் கமா, இங்கிலாந்தில் புள்ளி, நாம் இங்கிலாந்தைப் பார்த்து எழுதுவது, கணிப்பொறி படிக்கிற விதம் என்று கட்டம் போட்டு விளக்கினேன். துக்கத்துக்கு வந்திருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். பாவா எழுந்து உள்ளே போய், நின்றுகிடந்த தறியைத் துடைக்க ஆரம்பித்தார்.

இன்றைக்கும் ஒரு எண்ணை எழுதப்போனால் என் பேனா பாதியில் நின்றுவிடுகிறது. படிக்கப்போவது அங்கேயா, இங்கேயா என்று தெரிந்தால்தான் அடுத்த அடி வைக்கும். தெரியாத சமயங்களில் தாளில் ஒரு மைப்பொட்டு மட்டும் ஊறி நிற்கும், புள்ளியென்றும் சொல்ல முடியாமல், கமாவென்றும் சொல்ல முடியாமல்.

ஊரைவிட்டுக் கிளம்பும்போது பாவா என் பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், கண்டக்டர் விசில் ஊதும்போது கேட்டார்:

"ஏன் மச்சான், 'அரை மாத்திரை'ன்னு தமிழ்ல எழுத வராதா உனக்கு?"