ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

ஓசூரில் அப்பார்ட்மென்ட் வாங்குமுன் குடியிருப்போர் சங்கத்தின் வரவு செலவுக் கணக்கைக் கேட்டேன். "உறுப்பினருக்குத்தான் சார் காட்டுவோம். வாங்குங்க, அப்புறம் பாருங்க" என்றார் செயலாளர். கத்திரிக்காயைக்கூடத் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குகிறோம். வீட்டுக்கு அது கிடையாதாம். குழாயைத் திறந்தேன், தண்ணீர் கொட்டியது. வாங்கிவிட்டேன்.

குடிவந்த பிறகுதான் தெரிந்தது, போர்வெல் எப்போதோ வற்றிவிட்டது. எல்லாம் லாரித் தண்ணீர்; சங்கக் கணக்கில் பாதிச் செலவு அதுதான். கம்பெனிகளில் வேலை செய்பவர்கள் வீடு பார்க்க வருவது வார லீவில்தான் என்பதால், ஞாயிறு மட்டும் லாரி வராது. சனிக்கிழமையே தொட்டியை நிரப்பிவிடுவார்கள். வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போகும்வரை நாங்கள் குழாயைத் தொடக்கூடாது. கேட்டால், "விலை விழுந்தா உங்களுக்கும்தானே நஷ்டம்?" என்று வாயை அடைத்தார்கள்.

ஒரு ஞாயிறு பக்கத்து வீட்டைப் பார்க்க ஒரு தம்பதி வந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் கொட்டுகிறது. இங்கே நான் ஒரு சொம்புத் தண்ணீரில் முகம் கழுவுகிறேன். பொறுக்கவில்லை. வெளியே போய் அந்தக் கணவரிடம், "சங்கத்துக் கணக்கைப் பார்த்துட்டு வாங்குங்க சார்" என்றேன். பின்னால் செயலாளர் நின்றிருந்தார்; லாரி விஷயத்தை விழுங்கிவிட்டேன்.

"கேட்டுட்டேன் சார்" என்றார் வந்தவர், சந்தோஷமாக. "வாங்கினதும் காட்டறேன்னு சொல்லிட்டாரு."