வலது காலுக்கு வேறு வேலை

கஸ்தூரியின் வலது கணுக்காலுக்குள் ஆறு திருகாணிகள் இருந்தன. நடக்க விட்டன, மடங்க விடவில்லை. மோட்டார் சைக்கிளின் பின் பிரேக்கை மிதிக்க வேண்டிய கால் அதுதான்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு ஜனவரி மழையில், முச்சந்தியில் மூக்கை நீட்டிய ஒரு கார் செய்த வேலை அது. அப்போது அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. கணவர் அய்யாவு மாரடைப்பில் போய் எட்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் விட்டுப்போன மோட்டாரை நாற்பத்தொரு வயதில் ஓட்டப் பழகி, பெக்கான் நானாஸிலிருந்து தெப்ராவுக்கு, கார்களுக்கு வயர் கட்டுகிற தொழிற்சாலைக்கு, தினம் போய் வந்தாள். ஒரு பக்கம் நாற்பது கிலோமீட்டருக்கு மேல். தொழிற்சாலை பஸ் அவ்வளவு தூரம் வராது.

மே மாதம் மேலாளரிடமிருந்து செய்தி வந்தது. ஜூன் பதினாறு வரை அவளுடைய இடத்தை வைத்திருப்பார்கள். அதற்குமேல் முடியாது.

மகன் மதிவாணன் சிகாமட்டில் இயந்திரப் பராமரிப்பு வேலையில் இருந்தான். சனிக்கிழமை வந்ததும் கணக்காய்ப் பேசினான்.

"முன் பிரேக்க மட்டும் நம்பி ஓட்ட முடியாதும்மா. எடை முன்னால சாயும். மணல்ல சறுக்கி விட்டுரும்."

"நீ காலேஜ்ல படிச்சத எனக்கு ரோட்டுலயே சொல்லிக் குடுத்துட்டாங்க."

அவள் வாசலில் நாற்காலி போட்டு, காலை இன்னொரு நாற்காலியில் நீட்டியிருந்தாள். பக்கத்து வீட்டு லோஷினி ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள்.

"அவ எதையும் மிதிக்கலையே. எப்படி நிக்குது?" என்றாள் கஸ்தூரி.

"ஸ்கூட்டர்ல பின் பிரேக்கு இடது கையில இருக்கும்."

"என் இடது கை சும்மாதான இருக்கு?"

மதிவாணன் மோட்டாரின் இடது கைப்பிடியைத் திரும்பிப் பார்த்தான். உண்மைதான். அந்த மோட்டாரில் கிளட்ச் பிடி கிடையாது. கியர் மாற்ற இடது கால் போதும். காற்றுக்கு ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்டு போகிறபோது அதை இழுத்துவிடுவது, பின்னால் வருகிறவர்களுக்குச் சைகை காட்டுவது, இவற்றைத் தவிர இடது கைக்கு வேலை இல்லை.

"பேசாம ஸ்கூட்டரே வாங்கலாம்."

"சின்னச் சக்கரம்டா. குழியில விழுந்தா ஆறு திருகாணி பன்னெண்டாயிடும்."

மறுநாள் இருவரும் மோட்டார் பழுதுபார்க்கிற சர்புதீன் பட்டறையில் நின்றார்கள். ஸ்கூட்டரின் நீள கேபிள், இடது கைப்பிடியில் ஒரு பிரேக் பிடி, பின் சக்கரத்துக்கு அருகில் கேபிளைத் தாங்க வெல்டு வைத்த ஒரு துண்டு. டாக்டர் கடிதத்தோடு போக்குவரத்து இலாகாவுக்கு மூன்று நடை. ஜூன் எட்டு, ஞாயிற்றுக்கிழமை, சந்தைக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் முதல் ஓட்டம்.

நேராகப் போனாள். நின்றாள். மறுபடி போனாள். வலது பக்கம் திருப்பியதும் மோட்டார் தானாக நின்றது.

"சர்பு, வலது பக்கம் திரும்பினா மட்டும் நிக்குது. இடது பக்கமாவே சுத்திச் சுத்தித் தெப்ராவுக்குப் போயிடட்டுமா?"

"அலமாக்" என்று தலையில் கைவைத்தான் சர்புதீன். "போகலாம்க்கா, சாயங்காலம் போய்ச் சேருவீங்க."

மதிவாணன் குனிந்து பார்த்தான். கைப்பிடி திரும்பும்போது கேபிள் இழுபட்டது. ஒரு சாண் நீளமாக விட்டு, வேறு வழியாக வளைத்துக் கட்டினான். பிறகு எந்தப் பக்கம் திருப்பினாலும் அவள் பிடித்தபோதுதான் நின்றது.

கஸ்தூரி போன கார்த்திகையில் இறந்துவிட்டாள். அந்தக் கேபிளை மதிவாணன் இன்னும் கழற்றவில்லை. வாரம் ஒருமுறை வந்து, எண்ணெய் விட்டு, ஸ்டார்ட் செய்து அணைக்கிறான்.

அந்த வருஷம் ஜூன் பதினாறு, காலை ஆறேகால். பெட்ரோல் நிலையத்தில், அதே பாதையில் வேலைக்குப் போகிற காளிதாஸும் இன்னும் இருவரும் காத்திருந்தார்கள். லோரிகளுக்கு நடுவே தனியாகப் போவதில்லை என்று நால்வரும் பல வருஷங்களாக வரிசையாகப் போகிறவர்கள். மெதுவாகப் போகிறவர் முன்னால். அவர் இடது கையை நீட்டினால் பின்னால் எல்லோரும் அதேபோல் நீட்டி வேகத்தைக் குறைக்க வேண்டும். அதுதான் ஏற்பாடு. கஸ்தூரி இதுவரை கடைசியில் வந்தவள்.

"முன்னால போங்கக்கா" என்றான் காளிதாஸ்.

"எதுக்கு, ஊர்வலமா?"

"மாப்பிள்ளை ஊர்வலம். குதிரைதான் கொஞ்சம் பழசு."

"குதிரையச் சொல்றியா, என்னைச் சொல்றியா?"

"இருட்டுல சரியாத் தெரியலக்கா."

முகத்தைச் சுளித்துக்கொண்டே முன்னால் போனாள். ஐம்பதுக்கு மேல் போகவில்லை. பின்னால் யாரும் ஹாரன் அடிக்கவில்லை. மெல்ல வேகம் கூட்டினாள்.

ஆறே முக்காலுக்கு ஒரு வளைவு. வளைந்ததும் சாலை முழுக்க அன்னாசி. முன்னால் போன லோரியின் பின்கதவு திறந்துகொண்டிருந்தது. பழங்கள் தாரில் உருண்டு வந்துகொண்டிருந்தன.

எட்டு வருஷப் பழக்கம். இடது கை சைகைக்காகப் பிடியை விட்டுக் கிளம்பியது. கிளம்பிய அந்தக் கணமே அவளுக்குப் புரிந்தது. கையை நீட்டினால் பின் பிரேக் இல்லை. நீட்டாவிட்டால் பின்னால் வருகிற மூவருக்கும் தெரியாது. கையைத் திரும்பப் பிடியில் வைத்து அழுத்தினாள். அதே நேரத்தில் வேலை இல்லாமல் கிடந்த வலது காலைப் பக்கவாட்டில் நீட்டினாள். கணு மடங்காத கால், பலகை மாதிரி நேராக நீண்டது.

மோட்டார் ஆடாமல் நின்றது. பின்னால் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஒரு பழம் அவளுடைய முன் சக்கரத்தைத் தொட்டு ஓய்ந்தது.

காளிதாஸ் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினான்.

"அக்கா, அது என்ன, டான்ஸா?"

"நின்னியா இல்லியா?"

"நின்னேன் லா. பயத்துல நின்னேன்."

"அப்போ இனிமே அதுதான் சைகை."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்து மாதமாக உள்ளே அடைத்துக் கிடந்த சிரிப்பு. ஹெல்மெட்டுக்குள் கண்ணாடி மங்கும்வரை சிரித்தாள். மற்றவர்கள் பழங்களைக் காலால் ஓரம் தள்ளினார்கள். லோரிக்காரர் ஓடி வந்து நன்றி சொல்லி ஆளுக்கு இரண்டை மோட்டார் கூடையில் போட்டார்.

"ஏழரைக்குள்ள அட்டை அடிக்கணும். பேசிட்டு நிக்காதீங்க" என்று கஸ்தூரி கிளம்பினாள். இந்த முறை எழுபது.

ஏழு இருபத்துநாலுக்கு வருகை அட்டையை இயந்திரத்தில் செருகினாள். நேரம் விழுந்த சத்தத்தை நின்று கேட்டாள். பிறகு நொண்டி நொண்டித் தன் மேசைக்குப் போய், முதல் வயர்க்கட்டை எடுத்து விரலால் தடவிப் பார்த்தாள். மூன்றாவது இணைப்பு தளர்வாக இருந்தது. ஒதுக்கி வைத்தாள்.

பத்து மணி ஓய்வில் ஒரு பழத்தை வெட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவினாள். மேலாளர் வந்து ஒரு துண்டை எடுத்தார். காலைப் பார்த்துவிட்டு மலாயில் கேட்டார்: "யார் கொண்டுவந்து விட்டது?"

"நானே ஓட்டிட்டு வந்தேன்."

"நாளைக்கும் வந்துவிடுவாயா?"

"வருவேன். பழத்துக்கு மட்டும் உத்தரவாதம் கிடையாது."

மேலாளர் இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டு போனார். கஸ்தூரி விரலில் இருந்த உப்பை நக்கிவிட்டு, கை கழுவப் போனாள்.