விசாரிக்க வந்தவருக்கு ஒரு நாற்காலி

நீல ஒயர் பின்னிய அந்த இரும்பு நாற்காலி இன்னும் என் வீட்டில்தான் கிடக்கிறது. ஒயர் அங்கங்கே அறுந்து தொங்குகிறது. எடைக்குப் போட்டுவிடலாம் என்று மகள் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அவளுக்கு என்ன தெரியும்? ஒரு மனுஷியின் சோற்றில் மண் விழுந்தது அந்த நாற்காலியால்தான்.

தொண்ணூறுகளில் சூலூர்ப் பக்கம் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். அடுத்த வீட்டில் பெரியம்மா. உறவில்லை, வாய் நிறையக் கூப்பிட்டுப் பழகிவிட்டது. விசைத்தறிக் கூடத்தில், தறி நாடாவுக்குள் போடும் தார்க்குச்சிக்கு நூல் சுற்றிப் பிழைத்தவர். பிள்ளையில்லை, புருஷனும் போய்விட்டார், கடைசியில் கண்ணும் மங்கியது. நூல் அறுந்தால்கூடத் தெரியவில்லை என்று கூடத்தில் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். நான் ரசஞ்சோறு கொடுத்தால் கிண்ணம் ஒருநாளும் வெறுமனே திரும்பி வராது. வேலியோரக் கறிவேப்பிலையாவது அதில் கிடக்கும். அப்படிப்பட்டவரை முதியோர் உதவித்தொகைக்கு மனுப்போடச் சம்மதிக்க வைப்பதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது.

வருமானமோ ஆதரவோ இல்லாதவர்களுக்குத்தான் அந்தப் பணம். அதிகாரி வீட்டுக்கே வந்து பார்த்து எழுதினால்தான் கிடைக்கும் என்று ஊர் மணியகாரர் சொல்லியிருந்தார். "இருக்கறபடியே இருங்க பெரீம்மா, அது போதும்" என்று நானும் படித்துப் படித்துச் சொன்னேன்.

அதிகாரி வந்த காலையில் குழாயடியிலிருந்து திரும்பிப் பார்த்தால், என் வீட்டு நாற்காலி பெரியம்மா வாசலில்! வாசல் தெளித்துக் கோலம். பெட்டிக்கடியில் கிடந்த ஒரே நல்ல சேலை உடம்பில். எதிர்வீட்டு எவர்சில்வர் டம்ளரில் நுரை பொங்கக் காப்பி, தட்டில் பிஸ்கட். பாலும் கடன், தூளும் கடன். அட கடவுளே என்று நெஞ்சில் கை வைத்தேன்.

"வெயில்ல வந்திருக்கறீங்க, மொதல்ல காப்பி குடிங்க" என்றார் பெரியம்மா.

அதிகாரி நல்ல மனிதர்தான். குடித்துவிட்டு, "சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்கம்மா?" என்று கேட்டார்.

"அதுக்கென்னங்க, ஒரு கொறையுமில்லீங்க. சுத்தியும் தங்கமான சனங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, அந்தச் சேரு எங்கூட்டுதுங்க, டம்ளரும்..." என்று ஆரம்பித்தேன். பெரியம்மா திரும்பிப் பார்த்தார். அந்த மங்கிய கண்ணில் அப்படி ஒரு கெஞ்சல். "அம்மணி சும்மா வெளையாட்டுக்குச் சொல்லுதுங்க" என்று சிரித்தார். வந்தவர் என்னவோ எழுதிக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனார்.

மனு தள்ளுபடி. போதிய ஆதரவு இருக்கிறதாம். தாலுகா ஆபீசுக்குப் போய்க் கத்தினேன். நேரில் பார்த்து எழுதியதை மாற்ற முடியாது, புதிதாக எழுதிக் கொடுங்கள் என்றார்கள்.

"இந்த வாட்டி ஒண்ணும் வெக்காதீங்க. தரையிலயே உக்கார வெய்யுங்க" என்று பெரியம்மாவிடம் சொன்னேன்.

கறிவேப்பிலையை உருவிக்கொண்டே கேட்டார். "ஊடு தேடி வந்தவங்களத் தரையில உக்கார வெச்சுத்தான் அந்தச் சோத்தத் திங்கோணுமா கண்ணு? நீயே சொல்லு, உள்ள எறங்குமா?"

மறுபடி மனுப்போடவில்லை. ஒருவேளைக் கஞ்சியில் பெரியம்மா உடம்பு வற்றிக்கொண்டே போனது. நான் கொடுத்ததும் எத்தனை நாளைக்குக் காணும், எங்கள் வீட்டிலும் வாய்கள் இருந்தன. போய்ச்சேரும் வரைக்கும் கிண்ணம் கறிவேப்பிலையோடுதான் வந்தது.

இப்போது எனக்கே அந்த வயது. என் வீட்டுக்காரரும் இல்லை, தையல் மெஷினை மிதித்துப் பிழைத்த காலிலும் தெம்பில்லை. நானும் அதே உதவித்தொகைக்கு மனுப்போட்டிருக்கிறேன். போன வாரம், கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து மகள் போன் செய்தாள். "விசாரிக்க வருவாங்கம்மா. அந்த நாற்காலிய உள்ள தள்ளிப்போடு, வாயையும் அடக்கிக்கோ."

உள்ளேதான் தள்ளி வைத்திருந்தேன். உச்சி வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டு, கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டே ஒரு சின்னப் பெண் வாசலில் வந்து நின்றாள். நின்றுகொண்டே எழுத ஆரம்பித்தாள்.

நாற்காலியை இழுத்து வந்து போட்டேன். "உக்காருங்க கண்ணு" என்றேன். "காப்பிக்குச் சக்கரை எத்தனை போடட்டுங்க?"